பூனையின் முடி வாந்தியும் மலச்சிக்கலும்: விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

என்னிடம் வந்த கேள்வி இது: "சென்னையில் அடுக்குமாடி வீடு. ஐந்து வயது ஆண் பெர்ஷியன் பூனை, கருத்தடை செய்தது. மாதத்துக்கு மூன்று நான்கு முறை முடி உருண்டையை வாந்தி எடுக்கும். இப்போது மூன்று நாளாக மலம் போகவில்லை. மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குகிறது. அரை ஸ்பூன் விளக்கெண்ணெய் ஊற்றினால் முடியும் மலமும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார் என் மாமியார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைவிட அவசரமான ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் பூனை ஆண். அது முக்குவது மலத்துக்குத்தான் என்று உறுதியாகத் தெரியுமா? ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நுனிப் பகுதியில் மிகவும் குறுகலானது. மணல் போன்ற கற்பொடியோ சளி போன்ற கசடோ அங்கே அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. அப்போது பூனை தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும், உட்கார்ந்து முக்கும், கத்தும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது அச்சு அசலாக மலச்சிக்கல் போலவே தெரியும். கால்நடை மருத்துவராக இத்தனை ஆண்டுகளில் "டாக்டர், இரண்டு நாளாக மோஷன் போகவில்லை" என்று சொல்லித் தூக்கிவரப்பட்ட ஆண் பூனைகளின் வயிற்றில் கை வைத்தவுடன், ஆரஞ்சுப் பழம்போல் கல்லாக இறுகிய சிறுநீர்ப்பை தட்டுப்பட்டதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன். சிறுநீர் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். இதயம் தடுமாறும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

ஆகவே இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மணலைக் கிளறிப் பாருங்கள். வழக்கமான அளவில் சிறுநீர்க் கட்டிகள் இருக்கின்றனவா? கடைசியாக எப்போது நனைந்த மணலை அள்ளினீர்கள்? அரை நாளுக்கு மேல் சிறுநீர் போனதற்கான அடையாளம் இல்லை என்றால், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சிறுநீர் ஒழுங்காகப் போகிறது, மலம்தான் சிக்கல் என்று தெரிந்த பிறகு மேலே படியுங்கள்.

முடியிலிருந்து தொடங்குகிறேன். பூனையின் நாக்கு கையில் பட்டவர்களுக்குத் தெரியும், உப்புத்தாள் போல் சொரசொரவென்று இருக்கும். நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆன நுண்ணிய முட்கள், தொண்டையை நோக்கி வளைந்து நிற்கின்றன. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முட்களின் நுனி குடைந்தெடுத்த கரண்டிபோல் இருப்பதையும், வாயிலிருந்து எச்சிலை ஏந்திப்போய் முடியின் அடிவரை சேர்ப்பதையும் காட்டினார்கள். பூனை நக்குவது குளியலும் சீவலும் சேர்ந்த ஒரே வேலை. முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், அதில் சிக்கிய உதிர்முடியைத் துப்ப அதற்கு வழி கிடையாது. விழுங்கித்தான் ஆக வேண்டும். அதே ஆய்வில் பெர்ஷியன் பூனை மட்டும் தனித்து நின்றது. அதன் முடி அவ்வளவு நீளம், அவ்வளவு அடர்த்தி. நாக்கின் முள் தோலை எட்டவே இல்லை. மனிதர்கள் அழகுக்காக வளர்த்தெடுத்த இந்த இனம் தன்னைத்தானே முழுமையாகச் சீவிக்கொள்ள முடியாத பூனை. அந்தப் பொறுப்பு நம்முடையது. இந்த ஒன்றைப் பெர்ஷியன் வாங்கும் அன்றே ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

விழுங்கிய முடியில் பெரும்பகுதி மலத்தோடு சத்தமில்லாமல் போய்விடும். கெரட்டின் செரிக்காது என்பதால் மலத்தை உடைத்துப் பார்த்தால் முடி அப்படியே தெரியும். மிச்சம் இரைப்பையிலேயே தங்கித் திரண்டு, ஒரு நாள் வெளியே வரும். உருண்டை என்று பெயரே தவிர அது உருண்டையாக வராது. உணவுக்குழாய் வழியே பிதுங்கி வருவதால் சுருட்டுபோல் நீண்டு, ஈரமாக, மஞ்சள் நுரையோடு தரையில் கிடக்கும். குட்டை முடிப் பூனை ஆண்டுக்கு ஓரிரு முறை இப்படிச் செய்தால் கவலை இல்லை. நீள முடிப் பூனை அதைவிடச் சற்று அதிகம் செய்யும். மாதத்துக்கு மூன்று நான்கு முறை என்பது பெர்ஷியனுக்கும் அதிகம்தான். "பூனை என்றால் முடியை வாந்தி எடுக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஏன் அதிகமாகிறது? இரண்டே வழிதான். ஒன்று, முடி அதிகமாக உள்ளே போகிறது. அல்லது, உள்ளே போன முடியைக் குடல் கீழே தள்ளவில்லை.

முதலாவதற்குத் தெள்ளுப்பூச்சியை நான் முதலில் சந்தேகிப்பேன். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் அது வரும், நம் காலணியோடும் துணியோடும் வந்துவிடும். தலைக்குப் பேன் பார்க்கும் சீப்பு வீட்டில் இருந்தால் வால் தொடங்கும் இடத்தில் நான்கு இழுப்பு இழுத்து, வருவதை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். மிளகுத்தூள்போல் விழுந்த கறுப்புப் புள்ளிகள் கரைந்து செம்பழுப்பு நிறமாகப் பரவினால் அது பூச்சியின் கழிவு, அதாவது பூனையின் ரத்தம். அரிப்பு தாங்காமல் பூனை நாள் முழுவதும் நக்கும், வயிறு நிறைய முடியை விழுங்கும். நீங்கள் எத்தனை மருந்து கொடுத்தாலும் முடி வாந்தி நிற்காது. ஓர் எச்சரிக்கை: நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனையின் கழுத்தில் ஊற்றிவிடாதீர்கள். நாய் மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு, வலிப்பு வந்து இறந்துவிடும். பூச்சி இல்லை என்றால் தோல் ஒவ்வாமையைப் பார்க்க வேண்டும். புது வீடு, புதுப் பூனை, பக்கத்து வீட்டில் துளைபோடும் இரைச்சல் போன்ற பதற்றங்களையும் யோசியுங்கள். அடிவயிற்றில் முடி மெலிந்து, நுனி ஒடிந்து குச்சிகுச்சியாக இருந்தால் பூனை தேவைக்கு மேல் நக்குகிறது என்று பொருள்.

இரண்டாவது வழி குடல் சார்ந்தது. நடுவயதைத் தாண்டிய பூனை அடிக்கடி முடி வாந்தி எடுத்துக்கொண்டு, எடையும் குறைந்துவந்தால், நாள்பட்ட குடல் அழற்சியோ சில வேளைகளில் குடல் புற்றுநோயோ பின்னால் இருக்கலாம். அங்கே முடி வெறும் அறிகுறி. ஸ்கேன் எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் முடி மருந்து மட்டும் நக்கக் கொடுத்துக் காலத்தைக் கடத்திய பூனைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பூனை தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னால் நீட்டி, 'கஹ் கஹ்' என்று பத்து இருபது விநாடி இழுத்துவிட்டு, எதுவும் வெளியே வராமல், எழுந்து தன் பாட்டுக்கு நடந்துபோகிறதா? அது இருமல். ஆஸ்துமாவாக இருக்கலாம். வாந்தி என்றால் வயிறு பம்புபோல் உள்ளே இழுத்துத் துடிப்பது கண்ணுக்குத் தெரியும், கடைசியில் ஏதாவது வந்து விழும். ஒரு கல்லூரி மாணவி ஆறு மாதமாக முடி வாந்திக்கென்று பசை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கைப்பேசியில் எடுத்த காணொளியைக் காட்டினார். பார்த்த முதல் பத்து விநாடியிலேயே அது வாந்தி அல்ல என்று தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் மூச்சுக்குழல் சுவர்கள் தடித்து ஆஸ்துமாவைக் காட்டின. ஆகவே உங்கள் பூனை 'முடி எடுக்கும்' அடுத்த முறை, துணியைத் தேடி ஓடாமல் முதலில் படம் பிடியுங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: பூக்கட்டும் நூல். மல்லிகைச் சரம் வாடியதும் குப்பையில் போடுகிறோம். பூனை அதை இழுத்து விளையாடும், நாக்கின் முட்கள் நூலை உள்ளேயே இழுத்துக்கொண்டுபோகும். ஒரு வீட்டில் இரண்டு நாள் வாந்தி, மலம் இல்லை, முடிதான் அடைத்திருக்கிறது என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள். தாடைக்கு அடியில் கட்டைவிரலை வைத்து நாக்கை மேலே தூக்கிப் பார்த்தேன். நாக்கின் வேரைச் சுற்றி வெள்ளை நூல் ஒன்று சதையை அறுத்துக்கொண்டு இறங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சையில் வயிற்றைத் திறந்தபோது, நாடா கோத்து இழுத்த உள்பாவாடைபோல் குடல் முழுக்கச் சுருங்கிக் கிடந்தது. அந்தப் பூனை பிழைத்தது. பல பூனைகள் பிழைப்பதில்லை. ஆசனவாயில் நூல் தொங்கினால் எக்காரணம் கொண்டும் இழுக்காதீர்கள், இழுத்தால் குடல் அறுபடும். தையல் நூல், பட்டாடையின் ஜரிகை இழை, பரிசுப் பொட்டலத்தின் நாடா எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இப்போது மலச்சிக்கலுக்கு வருவோம். முடிதான் மலத்தை அடைத்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். மலத்தில் முடி நிறைய இருந்தால் அது இறுகும், உண்மைதான். ஆனால் பெரும்பாலான பூனைகளில் முதல் காரணம் தண்ணீர்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழும் காட்டுப்பூனை. அது தண்ணீரைத் தேடிப்போய்க் குடித்து வாழ்ந்ததில்லை, பிடித்துத் தின்ற எலியின் உடலில் இருந்த நீரே அதற்குப் போதுமானதாக இருந்தது. எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். அந்தப் பழக்கம் இன்றும் நம் வீட்டுப் பூனையின் ரத்தத்தில் இருக்கிறது. தாகம் அதற்குத் தாமதமாகத்தான் எடுக்கும். நான்கு கிலோ பூனைக்கு, உணவில் இருப்பதையும் சேர்த்து, நாளுக்குச் சுமார் 200 மில்லி நீர் வேண்டும். கடையில் வாங்கும் உலர் உணவில் நீர் 10 சதவீதம்தான். நாளுக்கு 55 கிராம் சாப்பிட்டால் அதிலிருந்து கிடைப்பது ஐந்தாறு மில்லி. மீதி முழுவதையும் கிண்ணத்திலிருந்து குடிக்க வேண்டும். பெரும்பாலான பூனைகள் அவ்வளவு குடிப்பதில்லை. உடல் என்ன செய்யும்? பெருங்குடலில் இருக்கும் மலத்திலிருந்து கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் கொட்டைகொட்டையாக இறுகும். இறுகிய மலம் வலிக்கும். வலிக்கிறது என்று பூனை அடக்கும். அடக்க அடக்க இன்னும் காயும். வயிற்றில் கை வைத்தால், கயிற்றில் கோத்த ருத்திராட்ச மணிகள்போல் வரிசையாக விரலில் உருளும்.

ஆகவே முதல் மருந்து ஈரமான உணவு. உறையிலோ டப்பாவிலோ வரும் ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம் நீர் இருக்கிறது. முழுவதும் அதற்கு மாறச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு வேளையாவது கொடுங்கள். உலர் உணவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கலாம், நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். கோழி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து ஊற்றுங்கள். அதில் உப்பும் மசாலாவும் கூடாது, வெங்காயமும் பூண்டும் கண்டிப்பாகக் கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டுக்குப் பக்கத்திலும் மணல் தட்டுக்குப் பக்கத்திலும் வைக்காமல், பூனை வழக்கமாக நடக்கும் பாதையில் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். அகன்ற, ஆழமில்லாத பாத்திரம் நல்லது. எங்கள் வீட்டுப் பூனைகள் எவர்சில்வர் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போய்விடும், மண்சட்டியில் ஊற்றிவைத்தால் உட்கார்ந்து குடிக்கும். உங்கள் பூனைக்கு எது பிடிக்கிறது என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

பால் கொடுத்தால் மலம் இளகும் என்று ஒரு நம்பிக்கை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். போனது போகட்டும் என்று பார்த்தால், அந்தப் போக்கில் உடல் நீர் இழந்து இரண்டு நாளில் முன்னைவிட மோசமான சிக்கலில் வந்து நிற்கும்.

தண்ணீருக்கு அடுத்து நான் பார்ப்பது எலும்பு. பெர்ஷியன் பூனைகளைப் பொறுத்தவரை இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் நல்ல மனதோடு செய்யப்படும் தவறு இது. குட்டியை வாங்கிவருகிறார்கள். கடை உணவில் என்னென்ன கலந்திருக்கிறதோ என்ற பயம். 'சுத்தமான' உணவு என்று தினமும் கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்துக் கொடுக்கிறார்கள், கூடக் கொஞ்சம் சோறு. குட்டியும் ஆசையாகத் தின்னும். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளம், சுண்ணாம்புச் சத்து இல்லவே இல்லை என்று சொல்லலாம். காட்டில் எலியை எலும்போடு தின்றதால் அங்கே கணக்குச் சரியாக இருந்தது. இங்கே ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சரிக்கட்ட உடல் தன் எலும்பையே கரைத்து எடுக்கும். வளர்கிற குட்டியின் எலும்பு சில வாரங்களில் தாள்போல் மெலிந்துவிடும். சோபாவிலிருந்து குதித்தாலே விரிசல் விடும். இடுப்பெலும்பு உடலின் எடையைத் தாங்காமல் உட்பக்கமாக மடங்கும்.

இப்படி ஒரு பூனையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வயது, வெள்ளை நிறம், ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள். பத்து நாளுக்கு ஒருமுறை மலம் அடைத்துக்கொண்டு வரும், ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுத்துக் கரைத்து எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் கைக்கு வந்தபோது இடுப்பையும் சேர்த்து எக்ஸ்ரே எடுத்தோம். மலம் வெளியேறும் எலும்பு வளையம், இருக்க வேண்டிய அகலத்தில் பாதிகூட இல்லை. குட்டியாக இருந்தபோது நான்கு மாதம் நெஞ்சுக்கறி மட்டுமே கொடுத்தோம், பிறகு நொண்டியது, உணவை மாற்றினோம், சரியாகிவிட்டது என்றார் அந்த அம்மா. எலும்பு உறுதியானது உண்மை. மடங்கிய வடிவத்திலேயே உறுதியாகிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபடி அதை விளக்கியது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அவர் செய்தது அன்பினால் செய்தது. அடிபட்டு இடுப்பெலும்பு கோணலாகக் கூடிய பூனைகளுக்கும், மாடியிலிருந்து விழுந்த பூனைகளுக்கும் இதே கதி வரும். மலம் முற்றிலும் அடைத்துப்போகும் அளவுக்கு முற்றிய பூனைகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகளில், ஏறக்குறைய நான்கில் ஒரு பூனைக்கு இடுப்புக் குறுகலே காரணமாக இருந்திருக்கிறது.

ஆகவே உங்கள் பூனை குட்டியாக இருந்தபோது என்ன சாப்பிட்டது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். இப்போதும் வீட்டுச் சமையல்தான் என்றால், மருத்துவரிடம் கணக்குப் போட்டு வாங்கிய சத்துக் கலவை இல்லாமல் கொடுக்க வேண்டாம். அதற்காகக் கோழி எலும்பையும் போட்டுவிடாதீர்கள். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும், செரித்த மிச்சம் சிமெண்டுபோல் இறுகி மலக்குடலில் நிற்கும்.

இடுப்பு சரியாக இருந்தும் நாள்கணக்கில் மலம் தேங்கித் தேங்கிப் பெருங்குடல் விரிந்துவிட்டால், கடைசியில் அதன் தசை சுருங்கும் வலுவை இழந்துவிடும். மெகாகோலன் என்பது இதுதான். எக்ஸ்ரேயில் பெருங்குடலின் விட்டம், ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் அந்த நிலை வந்துவிட்டது என்று கொள்கிறோம். மருந்துக்கு அடங்காத பூனைகளுக்குப் பெருங்குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு, பெரும்பாலான பூனைகள் அதன் பிறகு நன்றாகவே வாழ்கின்றன. ஆனால் அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. மூன்று நாள் அடைத்திருக்கும்போதே கவனித்தால் போதும்.

வயதான பூனைகளுக்கு வேறு கணக்கு. சிறுநீரகம் தளர்ந்தால் நீர் நிறைய வெளியேறி மலம் காயும். மூட்டு தேய்ந்தால் தட்டின் விளிம்பைத் தாண்டி ஏறவே வலிக்கும், குந்தி உட்கார அதைவிட வலிக்கும். 2002இல் வந்த ஓர் ஆய்வில் 12 வயதைத் தாண்டிய பூனைகளில் 90 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. வலிக்கிறதே என்று நம் வீட்டு பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். உங்கள் பூனைக்கு ஐந்து வயதுதான் என்பதால் இதை இதோடு விடுகிறேன். தட்டு சுத்தமாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். நேற்றைய மலம் கிடக்கும் தட்டில் இறங்க மனமில்லாமல் அடக்கிக்கொள்ளும் பூனைகள் உண்டு.

சரி, விளக்கெண்ணெய். உங்கள் மாமியார் சொன்னது வழிவழியாக மனிதக் குழந்தைகளுக்குச் செய்துவந்த வைத்தியம். விளக்கெண்ணெய் மலத்தை வழவழப்பாக்கி இறக்குவதில்லை. குடலை எரிச்சலூட்டி வேகமாகச் சுருங்க வைக்கிறது. கீழே கல்போல் அடைத்திருக்கும்போது மேலிருந்து குடலை முறுக்கினால் வலியும் வாந்தியும்தான் மிஞ்சும், உடல் நீரும் குறையும். இன்னும் பெரிய ஆபத்து ஊற்றுவதில் இருக்கிறது. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து எண்ணெயை ஊற்றினால் ஒரு பகுதி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இதில், மலமிளக்கியாக விற்கும் திரவ பாரஃபின் எண்ணெய் எல்லாவற்றையும்விட மோசம். மணமும் சுவையும் இல்லாததால் தொண்டை அதை உணர்ந்து விழுங்குவதில்லை, இருமுவதும் இல்லை, சத்தமில்லாமல் நுரையீரலில் இறங்கிவிடும். மலச்சிக்கலுக்காக வீட்டில் பாரஃபின் ஊற்றப்பட்டு, நான்காம் நாள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்த பூனையை ஆக்சிஜன் கூண்டில் வைத்துப் பார்த்தோம். மலச்சிக்கல் ஒரே நாளில் தீர்ந்தது. நுரையீரல் தீரவில்லை.

நெய்யும் வெண்ணெயும் நல்லதல்லவா என்று கேட்பீர்கள். அவை சிறுகுடலிலேயே செரித்துவிடும், மலம் இருக்கும் இடத்துக்கு வழுக்கலாகப் போய்ச் சேராது. எடைதான் கூடும். கடையில் முடி வாந்திக்கென்று விற்கும் மால்ட் பசை பரவாயில்லை. பூனை தானாக நக்குவதால் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து குறைவு. முடி உதிரும் காலத்தில் சில நாள் கொடுக்கலாம். அதில் பெரும்பாலும் பெட்ரோலியம் ஜெல்லி கலந்திருக்கும் என்பதால் மாதக்கணக்கில் தினமும் கொடுக்காதீர்கள், கொழுப்பில் கரையும் வைட்டமின்களை உடல் ஏற்பதை அது தடுக்கும்.

மனிதர்களுக்கான எனிமா பாக்கெட்டை மருந்துக் கடையில் வாங்கிப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவும் பாஸ்பேட் உப்புக் கரைசல். பூனையின் பெருங்குடல் அதை உறிஞ்சி, ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்து, வலிப்பு வந்து சில மணி நேரத்திலேயே இறந்துபோகலாம். மருத்துவமனையில் நாங்கள் செய்வது வேறு. முதலில் நரம்பில் நீர் ஏற்றி உடலை ஈரப்படுத்துவோம், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறுகுழாயில் மெல்லச் செலுத்துவோம், மிகவும் இறுகியிருந்தால் மயக்கம் கொடுத்து விரலால் நொறுக்கி எடுப்போம்.

அடைப்பு நீங்கிய பிறகு வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. லாக்டுலோஸ் சிரப் பூனைகளுக்கு நாங்கள் அதிகமாக எழுதிக்கொடுக்கும் மருந்து. நீரைக் குடலுக்குள் இழுத்து மலத்தை இளக்கும். அளவை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இசப்கோல் உமி நல்லது. இனிப்பும் மணமும் சேர்க்காத வெறும் உமியில் கால் டீஸ்பூன், தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈர உணவில் கலந்து கொடுக்கலாம். ஆனால் உடலில் நீர் வற்றிய பூனைக்கும், இப்போது உங்கள் பூனை இருப்பதுபோல் அடைத்திருக்கும் பூனைக்கும், பெருங்குடல் விரிந்துவிட்ட பூனைக்கும் அது கூடாது. உமி ஊதி, அடைப்பு இன்னும் பெரிதாகும். மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்து ஒரு ஸ்பூன் வைக்கலாம், சில பூனைகள் விரும்பித் தின்னும். அதில் நார்ச்சத்தைவிட நீரே அதிகம், ஆகவே பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

அறுகம்புல்லைப் பூனை கடித்தால் தடுக்காதீர்கள், மருந்து தெளிக்காத புல்லாக இருந்தால் போதும். ஒரு தொட்டியில் கோதுமையை முளைக்கவிட்டுப் பால்கனியில் வைத்தாலும் சரி. குப்பைமேனிக்கு நம் முன்னோர் பூனைவணங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் முகத்தைத் தேய்த்து உருள்வதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. அழகான கவனிப்பு. ஆனால் அது மலச்சிக்கலுக்கு மருந்து அல்ல, அரைத்து ஊற்ற வேண்டாம்.

இனிச் சீப்பு. பெர்ஷியனுக்குத் தினமும் பத்து நிமிடம், விடுமுறை இல்லாமல். எஃகில் செய்த, பற்கள் அகலமாக இருக்கும் சீப்பை முதலில் எடுங்கள். பூனையை மடியில் சாய்த்து வைத்து, முதுகை விட்டுவிட்டு அக்குளிலும் தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் தொடங்குங்கள். எல்லோரும் முதுகைச் சீவிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், சடை விழுவது இந்த மறைவிடங்களில்தான். தோலை ஒரு கையால் விரித்துப் பிடித்து, நுனியிலிருந்து அடிக்குப் போங்கள். சிக்கு இருந்தால் கத்தரிக்கோல் வேண்டாம், பூனையின் தோல் மெல்லியது, சிக்கோடு சேர்ந்து எழும்பி வரும், வெட்டுப்பட்டுவிடும். வீட்டுக்குள்ளேயே விளக்கு வெளிச்சத்தில் வாழும் பூனைகளுக்கு முடி உதிர்வது ஆண்டு முழுவதும் நடக்கும். ஒருநாள் சீப்பில் வந்த முடியைத் திரட்டி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். நீங்கள் சீவியிருக்காவிட்டால் அது முழுவதும் அதன் வயிற்றுக்குள் போயிருக்கும். சீவுவதற்கே விடாத பூனை என்றால், கோடை தொடங்கும்போது முடியைக் குட்டையாக வெட்டிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் பூனைக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. அது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, வாந்தி இல்லாமல், சுறுசுறுப்பாக இருந்தாலும் இனி வீட்டில் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையில் கூட்டிப்போங்கள். சாப்பாட்டை நிறுத்தியிருந்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ இன்றைக்கே போங்கள். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகும். பக்கத்தில் நல்ல மருத்துவமனை இல்லை என்றால் வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது கடைசியாகப் போன மலத்தின் படமும், முடி எடுக்கும்போது பிடித்த காணொளியும், இப்போது கொடுக்கும் உணவின் உறையும் கையில் இருக்கட்டும். குட்டிப் பருவத்தில் என்ன கொடுத்தீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்றால், வயிற்றோடு நிறுத்தாமல் இடுப்பெலும்பு முழுவதும் படத்தில் விழும்படி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.